கேரேஜ் தரைக்கு எபாக்ஸி போட்டாயிற்றா? பாக்கிப் பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

எபாக்ஸி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின் கோட்டிங்கைப் போட்டு முடித்த அன்று எந்தக் கேரேஜ் தரையும் பளபளவென்றுதான் இருக்கும். நல்ல வேலையும் மோசமான வேலையும் அன்று ஒரே மாதிரிதான் தெரியும். சில மாதம் போன பிறகு, டயர் நிற்கும் நான்கு இடங்களில்தான் வித்தியாசம் வெளியே வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் வந்து போட்ட பூச்சு, டயருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "தரையில ஈரம் இருந்திருக்கு, அது வாரண்டியில வராது" என்றார்கள். வேலைக்கு முன் அந்த ஈரத்தை யாராவது சோதித்தார்களா என்றால், அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு ஆட்களை வைத்து மறுபடி போட்டோம். எதைக் கேட்க வேண்டும், எதை நேரில் நின்று பார்க்க வேண்டும் என்று அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முடிந்த தரையை மட்டும் பார்த்து முழுத் தரத்தையும் கணிக்க முடியாது. அடியில் என்ன செய்தார்கள் என்பதைப் பூச்சு மூடிவிடும். அதனால் சோதனையில் பாதி, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

"எபாக்ஸி கோட்டிங், சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். கீழே உள்ளவை எழுத்தில் இருக்க வேண்டும்:

- ஒவ்வொரு அடுக்குக்கும் பயன்படுத்தப் போகும் பொருளின் முழுப் பெயர். பிரைமர் எது, நடு அடுக்கு எது, டாப் கோட் எது என்று தனித்தனியாக.
- ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். "இரண்டு கோட்" என்றால் எதுவும் தெரியாது. மெல்லிய இரண்டு கோட், தடிமனான ஒரு கோட்டைவிடக் குறைவாக இருக்கலாம்.
- தரையை எப்படித் தயார் செய்வார்கள்: டைமண்ட் கிரைண்டிங்கா (வைரத் துகள் பதித்த தட்டால் தேய்ப்பது), ஷாட் பிளாஸ்டிங்கா (சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடிப்பது), ஆசிட் ஊற்றிக் கழுவுவதா.
- ஈரச் சோதனை எந்த முறையில், யார் செய்வார்கள்.
- விரிசல், உடைந்த ஓரம், தரையின் இணைப்புக் கோடுகள் இவற்றுக்கு என்ன செய்வார்கள், அதற்குத் தனிக் காசா.

பொருளின் பெயர் கையில் கிடைத்ததும் அதன் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டைத் தேடி எடுத்துவிடுங்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இலவசமாகவே வெளியிடுகிறார்கள். எந்த வெப்பநிலையில் பூசலாம், எவ்வளவு ஈரம் வரை தாங்கும், அடுத்த கோட்டை எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும், கார் எப்போது ஏறலாம் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் காகிதம்தான். பெயர் சொல்ல மறுத்து "எங்க சொந்த ஃபார்முலா" என்பவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

பொருள் வகையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். எபாக்ஸி கான்கிரீட்டில் நன்றாகப் பிடிக்கும், தடிமனாகப் போடலாம். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். பாலியாஸ்பார்ட்டிக் என்ற இன்னொரு வகைப் பூச்சு வெயிலைத் தாங்கும், சில மணி நேரத்தில் காயும். ஆனால் சீக்கிரம் இறுகுவதால் ஆட்களின் கை வேகமாக இருக்க வேண்டும். அடியில் எபாக்ஸி, மேலே பாலியாஸ்பார்ட்டிக் என்று போடுவதும் உண்டு. கதவைத் திறந்தால் வெயில் விழும் கேரேஜ் என்றால், எபாக்ஸியே மேல் அடுக்காக இருக்கக் கூடாது.

2. ஈரம், எண்ணெய், பழைய சீலர்: மூன்றையும் நீங்களே சோதிக்கலாம்

புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளே ஈரம் இருக்கலாம். பழைய தரையிலும் மண்ணிலிருந்து ஈரம் ஏறலாம்.

ஈரத்துக்கு எளிய சோதனை இது. 45 செ.மீ. நீள அகலமுள்ள தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. இது சோதனை முறைகளுக்குத் தரநிலை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி4263 என்ற எண்ணில் உள்ள முறைதான். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் செய்யாதீர்கள். ஒரே இடத்தில் செய்துவிட்டு நிறுத்தவும் வேண்டாம். சுவர் ஓரம், நடுப்பகுதி, கதவுப் பக்கம் என்று பல இடத்தில் ஒட்டுங்கள்.

தாள் காய்ந்திருக்கிறது என்பதால் ஈரமே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் கான்கிரீட்டில் துளை போட்டு உள்ளே ஈரப்பதத்தை அளக்கும் முறை இருக்கிறது, ஏஎஸ்டிஎம் எஃப்2170. மேல்பக்கம் மட்டும் காயும் தரையில் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உணரியை வைத்து, 24 மணி நேரம் கழித்துப் படிப்பார்கள். இதற்குக் காசு ஆகும். ஆனால் தரை தாழ்ந்த இடத்தில் இருந்தாலோ, சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தாலோ அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். ஈரம் அதிகம் என்று தெரிந்தால், ஈரத்தைத் தடுக்கும் தனிப் பிரைமர் போட வேண்டியிருக்கும். அதன் செலவை வேலைக்கு முன்பே பேசிவிடலாம்.

எண்ணெய்க்கும் பழைய சீலருக்கும் (தரை எதையும் உறிஞ்சாதபடி முன்பு பூசிய பொருள்) தண்ணீர் போதும். தரையில் அங்கங்கே சில துளி விடுங்கள். கான்கிரீட் குடித்துவிட்டால் நல்லது. துளி உருண்டு அப்படியே நின்றால், அங்கே சீலரோ எண்ணெயோ இருக்கிறது. அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். கிரைண்டிங் முடிந்த பிறகு அதே வட்டத்தில் மறுபடி துளி விட்டுப் பார்க்க வேண்டும்.

3. கிரைண்டிங் அன்று கண்டிப்பாக வீட்டில் இருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். நான் பார்த்தவரை உரிந்துபோன தரைகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் கெட்டவை. மலிவான கொட்டேஷனில் முதலில் வெட்டப்படுவதும் இந்த வேலைதான். நேரமும் ஆளும் இயந்திரமும் அதிகம் வேண்டும், முடிந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது.

கான்கிரீட்டின் மேல்பரப்பில் காய்ந்த சிமெண்ட் பால் மெல்லிய படலமாக இருக்கும். அது பலமில்லாதது. அதன் மேல் பூசினால், பூச்சு படலத்தைப் பிடித்துக்கொள்ளும். படலம் கான்கிரீட்டை விட்டுவிடும். அந்தப் படலம் போய், உள்ளே இருக்கும் மணல் துகள் வெளித்தெரிய வேண்டும். விரலால் தடவினால் சாண்ட்பேப்பர் போலச் சொரசொரப்பு இருக்க வேண்டும். இந்தச் சொரசொரப்புக்கு சர்வதேச கான்கிரீட் பழுதுபார்ப்பு நிறுவனமான ஐசிஆர்ஐ, சிஎஸ்பி 1 முதல் 10 வரை அளவு வைத்திருக்கிறது. கேரேஜ் கோட்டிங்குக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 கேட்பார்கள். உங்கள் பொருளுக்கு எது என்பது டேட்டா ஷீட்டில் இருக்கும். மாதிரிச் சில்லுகளைக் கையோடு கொண்டுவந்து தரையோடு ஒப்பிட்டுக் காட்டும் ஆளை நம்பலாம்.

அங்கே நின்று பார்க்க வேண்டியவை:

சுவர் ஓரம். பெரிய இயந்திரம் சுவரை ஒட்டிப் போகாது. கடைசிச் சில அங்குலத்தைக் கை கிரைண்டரால் தேய்க்க வேண்டும். மூலை, தூண் அடி, கதவு இறங்கும் கோடு எல்லாவற்றையும் குனிந்து தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

தூசி. வாக்குவம் போட்ட பிறகு கறுப்புத் துணியால் தரையைத் துடையுங்கள். துணியில் வெள்ளைத் தூள் அப்பினால் மறுபடி வாக்குவம் போடச் சொல்லுங்கள். இயந்திரத்தோடு தூசி உறிஞ்சி இணைக்காமல் தேய்ப்பவர்களை அப்போதே நிறுத்துங்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆபத்து. அவர்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும்.

விரிசல். மேலே பசையைத் தடவிவிட்டால் போதாது. விரிசலைச் சற்று அகலமாகக் கீறி, தூசி எடுத்து, நிரப்பி, காய்ந்த பிறகு தரைமட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். தரைக்கும் சுவருக்கும் இடையே, தரையின் கான்கிரீட் பலகைகளுக்கு இடையே இருக்கும் விரிவு இணைப்பு வேறு விஷயம். கான்கிரீட் அசைவதற்காக விட்ட இடைவெளி அது. அதைக் கெட்டியான எபாக்ஸியால் அடைத்தால் அந்தக் கோட்டில் பூச்சு பிளக்கும்.

ஆசிட் கழுவலை மட்டும் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எண்ணெய்க் கறையும் பழைய சீலரும் என்ன ஆகும்? ஆசிட் இரண்டையும் எடுக்காது. அவை மூடியிருக்கும் இடத்தில் ஆசிட் கான்கிரீட்டைத் தொடவே தொடாது.

4. டப்பாக் கணக்கு

பூச்சு போதுமான தடிமனில் விழுந்ததா என்று சொல்ல விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு லிட்டர் திரவம் ஒரு சதுர மீட்டரில் பரவினால் அதன் தடிமன் 1 மி.மீ., அதாவது 1000 மைக்ரான். மீதி எல்லாம் இதிலிருந்து வரும் பெருக்கல்தான்.

உங்கள் கேரேஜ் 40 சதுர மீட்டர், காய்ந்த தடிமன் 250 மைக்ரான் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 × 0.25 = 10 லிட்டர். பொருள் 100 சதவீதம் திடப்பொருள் கொண்டது என்றால், காய்ந்த பிறகும் அநேகமாக அதே தடிமன் நிற்கும். 10 லிட்டர் வேண்டும். தண்ணீரோ கரைப்பானோ கலந்து, கொள்ளளவில் 50 சதவீதமே திடப்பொருள் என்றால் பாதி ஆவியாகிப் போய்விடும். அப்போது 20 லிட்டர் வேண்டும். சொரசொரப்பான தரை கொஞ்சம் கூடக் குடிக்கும், ரோலரிலும் வாளியிலும் கொஞ்சம் ஒட்டும். ஆக, கணக்கைவிடச் சற்று அதிகமாகவே செலவாக வேண்டும். குறைவாகச் செலவானால் எங்கோ மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள்.

அதனால் வேலைக்கு முன் டப்பாக்களை எண்ணிப் போட்டோ எடுங்கள். லேபிளில் உள்ள பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். முடிந்த பிறகு காலி டப்பாக்களை எண்ணுங்கள். ஆட்கள் எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் இருக்காது. ஈரமாக இருக்கும்போதே பல் சீப்பு வடிவ அளவுகோலைப் பூச்சில் குத்தித் தடிமன் பார்ப்பதும் உண்டு. நல்ல ஆட்கள் அதைப் பையில் வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

5. கலவையும் வானிலையும்

பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் லேபிளில் சொன்ன விகிதத்தில், சொன்ன நேரம் வரை கலக்கப்பட வேண்டும். கண் அளவில் ஊற்றினால் சில இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். எத்தனை வாரம் காத்திருந்தாலும் அது காயாது. டப்பாவின் அடியிலும் பக்கத்திலும் கலக்காமல் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தரையில் ஊற்றினாலும் இதே கதிதான்.

வானிலையில் பார்க்க வேண்டியது பனிநிலை வெப்பம், அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. தரையின் வெப்பநிலை அதைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 21 டிகிரி. தரை 24-க்குக் கீழே இருந்தால் பூசக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். வெயில் ஏறும் நேரத்தில் பூசினால் கான்கிரீட்டுக்குள் உள்ள காற்று விரிந்து மேலே வந்து குமிழி விடும். தரை குளிரத் தொடங்கும் நேரம் நல்லது. அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கோட்டுகளுக்கு இடையிலான நேரம். எபாக்ஸியில் அடுத்த கோட்டுக்கான கெடு பெரும்பாலும் 24 மணி நேரம் போலத்தான் இருக்கும். அது தாண்டினால் முதல் கோட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அடுத்ததைப் போடக் கூடாது. "நேத்து வர முடியல" என்று இரண்டு நாள் கழித்து வந்து நேராக ரோலரை எடுத்தால் தடுத்து நிறுத்துங்கள்.

6. காய்ந்த பிறகு, இருட்டில் டார்ச்சோடு

பகலில் நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிடுங்கள். ரோலர் கோடு, குமிழி, ஊசித்துளை, விட்டுப்போன இடம், உள்ளே மாட்டிய முடி எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பெயிண்டர் டேப்பால் குறித்துப் போட்டோ எடுங்கள்.

கண்டதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையால் செய்த வேலையில் அங்கங்கே ஒரு தூசி, லேசான அலை இருக்கத்தான் செய்யும். அதற்குச் சண்டை போட மாட்டேன். இவற்றை மட்டும் விடக் கூடாது:

- கொத்தாக ஊசித்துளைகள். அதன் வழியே தண்ணீரும் எண்ணெயும் அடியில் இறங்கும்.
- வட்ட வட்டமாகப் பூச்சு விலகி நிற்கும் கண்கள். அடியில் எண்ணெயோ சிலிக்கோனோ இருந்ததன் அடையாளம்.
- விரலில் ஒட்டும் இடம். கலவைக் கோளாறு. மேலே இன்னொரு கோட் போட்டு மூடுவது தீர்வாகாது, எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.
- வெள்ளை பூத்த, மெழுகு போன்ற படலம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் எபாக்ஸியில் வரும். மேல் அடுக்கில் வந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பெரும்பாலும் போகும். இரண்டு அடுக்குக்கு நடுவே வந்திருந்தால் மேல் அடுக்கு பிடிக்காது.

வண்ணச் சில்லுகள் தூவிய தரை என்றால், அடி நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளங்கையால் தடவுங்கள். சில்லுகளின் முனை குத்தினால், டாப் கோட்டுக்கு முன் சுரண்டவில்லை அல்லது டாப் கோட் மெல்லிசு. கடைசியாகத் தண்ணீர் ஊற்றி, போடும் செருப்போடு நடந்து பாருங்கள். வழுக்கினால், வழுக்காத துகள் சேர்த்த டாப் கோட் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

7. பிடிப்பைச் சோதிப்பது

மரப்பிடி அல்லது நாணயத்தால் தரையெங்கும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை கணீரென்று ஒரே மாதிரி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று வந்தால் அங்கே பூச்சோ கான்கிரீட்டின் மேல் அடுக்கோ விட்டிருக்கலாம்.

பெரிய தொகை என்றால் இழுவைச் சோதனை கேட்கலாம். சிறிய உலோக வட்டைப் பூச்சில் ஒட்டி, கருவியால் இழுப்பார்கள். சதுர மி.மீ.க்கு 1.5 நியூட்டன் தாண்டினால் பொதுவாக நல்ல பிடிப்பு. எங்கே உடைந்தது என்பது எண்ணைவிட முக்கியம். கான்கிரீட்டே பெயர்ந்து வட்டோடு வந்தால் பூச்சில் குறை இல்லை. சோதித்த இடத்தை ஒட்டுப்போட வேண்டும், அதனால் ஓரமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே உரிந்த துண்டு கையில் இருந்தால் அதைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வாதத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்கள் துண்டின் அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தது, விரலில் மெல்லிய வெள்ளைத் தூள் ஒட்டியது. மணலோ கான்கிரீட் துணுக்கோ ஒன்றுகூட இல்லை. தரையைத் தேய்க்கவே இல்லை, சிமெண்ட் பால் மேலேயே பூசியிருக்கிறார்கள் என்று இரண்டாவது கான்டிராக்டர் பார்த்ததுமே சொன்னார். அடியில் கான்கிரீட் கனமாக ஒட்டி வந்தால் தரையே பலவீனம். பூச்சின் மேல் அடுக்கு மட்டும் வந்து கீழ் அடுக்கு தரையிலேயே நின்றால், கோட்டுகளுக்கு இடையில் நேரம் தவறியது அல்லது நடுவில் படலம் இருந்தது.

8. பணமும் காகிதமும்

முழுப் பணத்தையும் முடிந்த அன்று கொடுக்காதீர்கள். பொருள் வாங்க அட்வான்ஸ், கிரைண்டிங்கை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஒரு பகுதி, முழுதாகக் காய்ந்து சோதனை முடிந்த பிறகு மீதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசிப் பகுதி ஐந்தில் ஒன்றாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் குறையைச் சரிசெய்யத் திரும்பி வர அவர்களுக்கு அவசரம் இருக்காது.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல் தயாரிப்பு வேலை, பொருள், கூலி என்று பிரித்துக் கேளுங்கள். உரிந்த தரையை மறுபடி செய்வது முதல் தடவையைவிட அதிகம் ஆகும். பழையதை எடுக்கும் கூலியும் சேருகிறதே.

வாரண்டியில் "ஆயுள் முழுவதும்" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு விலக்குகளைப் படியுங்கள். ஈரம், விரிசல், சூடான டயர், மஞ்சளடித்தல் நான்கும் விலக்கில் இருந்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை. ஈரச் சோதனை செய்து நல்ல முடிவு வந்த தரைக்கு ஈரத்தை விலக்கக் கூடாது என்று பேசிப் பாருங்கள், எங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

9. காரை எப்போது ஏற்றலாம்

20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் எபாக்ஸி மேல் நடக்க ஏறக்குறைய 24 மணி நேரம், கார் ஏற 3 முதல் 7 நாள், முழு இறுக்கத்துக்கு ஒரு வாரம். பாலியாஸ்பார்ட்டிக் என்றால் பெரும்பாலும் மறுநாளே கார் ஏறலாம். குளிரில் எல்லாமே இழுக்கும். டேட்டா ஷீட் சொல்லும் நேரத்துக்கு முன் ஏற்றினால் வாரண்டி போச்சு. அதனால் ஏற்றிய தேதியையும் குறித்து வையுங்கள்.

முதல் சோதனை, நீண்ட தூரம் ஓடிய சூடான டயர்தான். சூட்டில் விரிந்த டயர் ஆறும்போது சுருங்கி அடியில் உள்ள பூச்சை இழுக்கும், ரப்பரில் உள்ள எண்ணெய்ப் பொருளும் பூச்சை இளக்கும். முதல் சில மாதம் வாரம் ஒரு தடவை காரை நகர்த்தி நான்கு இடத்தையும் பாருங்கள். கறுப்புக் கறை மட்டும் என்றால் கழுவினால் போகும் அல்லது அப்படியே இருக்கட்டும். ஓரம் தூக்கியிருந்தால் அன்றே தேதியோடு போட்டோ எடுத்து, உரிந்த துண்டை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டு, கான்டிராக்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.